இருபத்தாறு புள்ளி ஒன்று

நான் முன்பு வேலை பார்த்த ட்ரோன் நிலையத்திலிருந்து போன மாதம் போன் வந்தது. பேசியவர்கள் இப்போது அங்கே பேட்டரி பார்க்கிறவர்கள்.

"அண்ணே, புது பேட்டரி வந்திருக்குண்ணே. சார்ஜர்ல சொருகுனா போதும், அதுவே சார்ஜர்கிட்ட பேசிக்குது. என்ன ரகம், எத்தனை வோல்ட்டுல நிறுத்தணும், எல்லாம் அதுவே சொல்லிடுது. நாங்க ஒரு பட்டன்கூட அமுக்கறதில்ல. அந்தக் காலத்துல நீங்கள்லாம் எப்படி ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துப் போட்டீங்க? ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கண்ணே. செவத்துல ஒட்டி வெக்கிறோம்."

அந்தக் காலம் என்று அவர்கள் சொன்னது நாலு வருடத்துக்கு முந்தைய காலத்தை. சிரிப்பு வந்தது. கேட்டதும் ஒரு பக்கம் எழுதினேன். அதில் நான் மகா கெட்டிக்காரனாக இருந்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது முறை எழுதுவது. இதை அவர்கள் சுவரில் ஒட்டுவார்களா என்று தெரியாது. ஒட்டினால் நல்லது.

என் பெயர் கலியமூர்த்தி. முப்பத்தெட்டு வருடம் பேட்டரியோடு பிழைத்தவன். அதில் முப்பத்திநாலு வருடம் நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒரு ஆசிட் பேட்டரிக் கடை. டிராக்டர், பஸ், கல்யாண வீட்டு மைக்செட் என்று எது வந்தாலும் நான்தான். சட்டையெல்லாம் பொத்தல், விரல் நுனியில் தோல் கிடையாது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தே எந்த செல் செத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். 'கலியமூர்த்தி கையில குடு, அவன் கைக்கே தெரியும்' என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

ஆசிட் பேட்டரியைப் பாதி சார்ஜில் போட்டு வைக்கக் கூடாது. உள்ளே இருக்கிற ஈயத் தட்டில் வெள்ளை பூத்து மலடாகிவிடும். கடையை அடைக்கும் முன் எல்லாவற்றையும் முழுக்க ஏற்றி வைத்துவிட்டுத்தான் போவோம். ஆயுத பூஜைக்கு இன்னும் கூடுதல். பூஜையில் வைக்கிற பேட்டரி ஒரு சொட்டுக்கூடக் குறைந்திருக்கக் கூடாது என்பார் கடை முதலாளி. "மரக்கால்ல நெல்லு நெறைச்சு வெக்கிற எடத்துல அரை மரக்கா வெப்பியாடா?" என்று கேட்பார். முப்பத்திநாலு பூஜை அப்படிச் செய்தேன். அது வேலை என்பதும் போய் பக்தி என்பதும் போய், கையிலேயே ஊறிவிட்டது.

கடை முதலாளி காலமானதும் பிள்ளைகள் கடையை மூடினார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. மன்னார்குடி சாலையில் ஒரு பழைய நெல் கோடவுனில் ட்ரோன் மருந்து தெளிப்பு நிலையம் திறந்திருந்தார்கள். அதன் முதலாளி எங்கள் பக்கத்து மிராசு குடும்பம்தான். நிலத்தில் பாதியை விற்றுவிட்டுச் சென்னையில் இருப்பவர், நல்ல நாளுக்கு வந்து போவார். பேட்டரி பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திருவிடைமருதூர் பக்கம். அம்மாவும் அத்தைகளும் நடவுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் முதல் இன்ஜினியர். பெயர் சுபாஷிணி. எனக்கு மேலதிகாரி. என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் ஒரு பேட்டரியை என் கையில் கொடுத்தார். செங்கல் அளவு, கறுப்பு உறை, நடுவில் வெள்ளை லேபிள். "அண்ணே, இது லித்தியம். ஆசிட்ல பழகுனதை இங்க அப்படியே செய்ய முடியாது. ஆசிட் பொறுத்துக்கும். இது பொறுக்காது" என்றார். நான் தலையாட்டினேன். மனசுக்குள், நீ பிறக்கும் முன்னால் இருந்து பார்க்கிறேன் அம்மா என்று சொல்லிக்கொண்டேன்.

எங்களிடம் பத்து பேட்டரி இருந்தது. எல்லாவற்றிலும் ஆறு செல், ஒரே அளவு, ஒரே கனெக்டர். ஆனால் இரண்டு ரகம். ஆறு பேட்டரி ஹெச்வி, அதாவது ஹை வோல்டேஜ். ஒரு செல்லை நாலு புள்ளி மூன்று ஐந்து வோல்ட் வரை ஏற்றலாம், மொத்தம் இருபத்தாறு புள்ளி ஒன்று. மற்ற நாலும் சாதாரண ரகம், சீசன் நடுவில் அவசரத்துக்கு வாங்கியவை. அவற்றை நாலு புள்ளி இரண்டில் நிறுத்திவிட வேண்டும், மொத்தம் இருபத்தைந்து புள்ளி இரண்டு. வித்தியாசம் ஒரு வோல்ட்கூட இல்லை. அந்த ஒரு வோல்ட்டுக்கும் குறைவான இடத்தில்தான் என் கதை இருக்கிறது.

சார்ஜர் ஒன்றுதான், இரண்டுக்கும் பொது. நாம் எந்த மோடு வைக்கிறோமோ அதன்படி ஏற்றும். அதற்குக் கண் கிடையாது. ஹெச்வி பேட்டரியைத் தெரியாமல் சாதாரண மோடில் போட்டால் பாதகமில்லை, ட்ரோன் இரண்டு நிமிடம் முன்னால் இறங்கும். சாதாரண பேட்டரியை ஹெச்வி மோடில் போட்டால் வயிறு ஊதும், தீப்பிடிக்கும். "சந்தேகமா இருந்தா கம்மியில போடுங்கண்ணே. கம்மியில போட்டு யாரும் கெட்டதில்ல" என்பார் மேடம். ஹெச்விக்குச் சிவப்பு டேப், சாதாரணத்துக்கு நீல டேப் ஒட்டியிருந்தார்.

அவர் வேலை செய்யும் விதத்தை எழுதியே ஆக வேண்டும். பேட்டரியை எடுத்ததும் முதலில் புறங்கையை அதன் மேல் வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு ஸ்டீல் ஸ்கேலை அதன் வயிற்றின் மேல் படுக்கவைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். ஸ்கேல் ஆடினால் வயிறு உப்பத் தொடங்கிவிட்டது, அந்த பேட்டரி அன்றோடு ஓய்வு. அடுத்து சின்ன வெள்ளைக் கனெக்டரில் மீட்டர் வைத்து ஆறு செல்லையும் தனித்தனியாகப் பார்ப்பார். பிறகுதான் சார்ஜர். அங்கேதான் அவருடைய சட்டம் வரும். எந்த பேட்டரிக்கும் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் டேப்பின் நிறத்தையும் லேபிளையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் சார்ஜரில் மோடு வைத்து, திரையில் உள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லி 'சரி' என்றால்தான் பட்டனை அமுக்கலாம்.

"எவ்வளவுல வெச்சீங்க? சொல்லிக் காட்டுங்க."

"இருபத்தஞ்சு புள்ளி ரெண்டு மேடம்."

"இருபத்தஞ்சு புள்ளி ரெண்டு. சரி."

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. கோடவுனுக்கு வந்த விவசாயிகள், "என்னய்யா, பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்ற மாதிரி சொல்றீங்க" என்று கேலி செய்வார்கள். எனக்கு மானம் போகும். அவருக்குப் போகாது. ஒரு நாள்கூடச் சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. தப்பாகச் சொன்னால், "இன்னொரு தடவை பாருங்கண்ணே" என்பார், அவ்வளவுதான்.

வேலை இல்லாத நேரத்தில் பறக்கிற விளையாட்டுச் சாமான் வைத்திருப்பவர்கள் எங்களைத் தேடி வருவார்கள். கூத்தாநல்லூரிலிருந்து நசீர் பாய் ஒரு குட்டி விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். துபாயில் இருந்தபோது வாங்கியது, பழைய மாடல். அதற்குப் புதிதாக நாலு செல் ஹெச்வி பேட்டரி வாங்கியிருந்தார். "பிளக் சரியா சேருது பாய், போடலாம்" என்று நானே முந்திக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். சொருகிய மாத்திரத்தில் உள்ளே இருந்த சின்ன போர்டு 'டப்' என்று வெடித்துப் புகைந்தது. அந்த போர்டு பதினாறு புள்ளி எட்டு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. முழுதாக ஏறிய ஹெச்வி பதினேழு புள்ளி நாலு கொடுத்துவிட்டது. நசீர் பாய் சிரித்துவிட்டார். "கலியமூர்த்தி, எம்பேரன் அழுவான், நீ வந்து சமாதானம் சொல்லு" என்றார். மேடம் சிரிக்கவில்லை. "பிளக் சேர்றதுங்கிறது கம்பெனிக்காரன் சௌகரியத்துக்குண்ணே. வோல்ட் சேருதான்னு நாமதான் பாக்கணும். சார்ஜர்ல ஆரம்பிச்சு கடைசி போர்டு வரைக்கும் எல்லாமே தாங்கணும்" என்றார். அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போர்டு மலிவு என்பதால் உறைக்கவில்லை.

அந்த வருடம் முதலாளி மேடத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். திருத்துறைப்பூண்டியில் இரண்டாவது நிலையம் வரும், அதில் பெண்களுக்கு ட்ரோன் ஓட்டப் பயிற்சி இருக்கும், இரண்டும் மேடத்தின் பொறுப்பு. ஒரே நிபந்தனை. தைப்பொங்கல் வரை எங்கள் நிலையத்தில் ஒரு விபத்தும் நடக்கக் கூடாது. மேடம் அதற்காகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். நடவுக்குப் போகிற பெண்கள் பன்னிரண்டு பேரை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பேசி, பெயர் எழுதி வைத்திருந்தார். அதில் ஒருவர் அவருடைய சொந்த அத்தை மகள். "சேத்துல குனிஞ்சே இருந்த முதுகுண்ணே. நிமிந்து மேல பாத்து ஓட்டட்டும்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவர் தன் ஆசையைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் மேடம் ஊருக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு நாள் வேலை இல்ல. எல்லா பேட்டரியும் பாதியில, இருபத்திமூணு புள்ளி ஒண்ணுல வெச்சிருக்கேன். லித்தியத்தை முழுசா ஏத்திச் சும்மா வெக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியும். பூஜைக்கு அப்படியே வெச்சுடுங்க. நான் நாளைக்கு மத்தியானம் வந்துடுறேன்."

"சரிங்க மேடம்" என்றேன்.

அவர் போனதும் கழுவித் துடைக்கிற வேலை. மருந்து படிந்து டேப்பெல்லாம் பிசுபிசுவென்று அழுக்காக இருந்தது. பூஜைக்கு இப்படியா வைப்பது என்று சிவப்பு, நீலம் எல்லாவற்றையும் உரித்துப் போட்டேன். கடைக்குப் போனால் சிவப்பு டேப் இருக்கிறது, நீலம் இல்லை. பூஜை முடிந்து ஒட்டிக்கொள்ளலாம், லேபிளில்தான் எழுதியிருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டுப் போனேன். கோடவுனில் நான் மட்டும்தான். பத்து பேட்டரியையும் வாழையிலையில் வரிசையாக வைத்து, கெட்டியாகச் சந்தனம் குழைத்து ஒவ்வொன்றின் நடுவிலும் பட்டையாகப் பூசிக் குங்குமம் வைத்தேன். கறுப்பு உறையில் சந்தனம் ஒட்டவில்லை. வெள்ளை லேபிளில்தான் நன்றாக ஒட்டியது. பக்கத்தில் மரக்காலில் நெல்லை நிறைத்து வைத்தேன். நெல் கோபுரமாக நின்றது. அதைப் பார்த்தேன், பேட்டரிகளைப் பார்த்தேன். எல்லாம் பாதி. எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்திநாலு வருடம் சாமிக்கு முன்னால் நான் குறையாக ஒன்றும் வைத்ததில்லை. லித்தியமோ எதுவோ, ஒரு நாள் முழுசாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றியது. மேடம் வருவதற்குள் பூஜையும் முடிந்துவிடும்.

சார்ஜரைப் போட்டேன். இரண்டு ரகத்தையும் பிரிக்க வேண்டும். டேப் இல்லை. லேபிள் மேல் சந்தனம். துடைத்துப் பார்த்திருக்கலாம், ஒரு ஈரத்துணி போதும். சாமிக்கு வைத்த பொட்டை அழிக்க மனம் வரவில்லை. அது பாதிக் காரணம்தான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். துடைத்துப் பார்க்காமலே என்னால் சொல்ல முடியும் என்று நினைத்தேன். சாதாரண பேட்டரி கையில் கொஞ்சம் கனமாகத் தெரியும். பத்தையும் தூக்கிப் பார்த்து, கனமான நாலைத் தனியாக எடுத்து வைத்தேன். கலியமூர்த்தி கைக்குத் தெரியாதா?

நாலையும் இருபத்தைந்து புள்ளி இரண்டில் போட்டேன். மற்ற ஆறையும் இரண்டிரண்டாக இருபத்தாறு புள்ளி ஒன்றில் போட்டேன். எண்ணைச் சொல்லிக் காட்ட எதிரில் யாரும் இல்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் இல்லை. பத்தரைக்குள் எல்லாம் முழுசாக ஏறிவிட்டது. திரும்பவும் இலையில் அடுக்கினேன். மனசு நிறைந்திருந்தது.

மூன்றைச் சரியாகப் பிரித்திருந்தேன். நாலாவதில் கை தப்பாகச் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் ஒரு ஹெச்வியை எடுத்துக் குறைவாகப் போட்டிருந்தேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாதாரண பேட்டரி ஹெச்வி மோடில் போய்விட்டது. அதுவும் இரண்டு சீசன் அடிபட்ட பழசு.

பதினோரு மணிக்கு முதலாளி குடும்பத்தோடு வந்தார். நானே கற்பூரம் காட்டினேன். தகரக் கூரை, வெயில், புகை. சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்தார். கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த பிரசாதத் தட்டு. வாசலிலேயே நின்றுவிட்டார். சாமியைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து குனிந்து, கோடியில் இருந்த பேட்டரி மேல் புறங்கையை வைத்தார். "எல்லாரும் வெளில போங்க" என்றார். அப்போதும் சத்தமாகச் சொல்லவில்லை. அதன் வயிறு பலாக்கொட்டை மாதிரி உருண்டிருந்ததை அப்போதுதான் நான் பார்த்தேன். பக்கத்திலேயே ஒன்பது பேட்டரி, எரிகிற விளக்கு, முதலாளியின் பேரக்குழந்தைகள். இடுக்கியும் மண்வெட்டியும் வெளியே இருந்தன. அவர் வெறுங்கையால் அதை எடுத்துக்கொண்டு, கெட்ட பேட்டரியைப் போட வாசலில் வெட்டி வைத்திருந்த மணல்குழிக்கு ஓடினார். பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்கும். குழிக்கு இரண்டு எட்டு முன்னால் வெள்ளையாகப் புகை பீறிட்டது, உடனே தீ. குழிக்குள் போட்டுவிட்டார். ஆனால் இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

நான் ஈரத்துணி கொண்டு ஓடினேன். கையில் சுற்றிக்கொண்டே அவர் உள்ளே சார்ஜர் மேஜைக்குப் போனார். ஏதோ பட்டனை அமுக்கித் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி என்னிடம் கேட்டார்.

"அண்ணே, இன்னிக்கு எதையாவது சார்ஜ் போட்டீங்களா?"

முதலாளியும் பின்னாலேயே உள்ளே வந்து பக்கத்தில் நின்றார். அவர் மனைவி, பிள்ளைகள், ட்ரோன் ஓட்டுகிற விமானிகள், நசீர் பாய்கூடப் பூஜைக்கு வந்திருந்தார். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இல்லைங்க மேடம். பொட்டு வெச்சதோட சரி" என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை அது. கலியமூர்த்திக்குக் கை தப்பிவிட்டது என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவு அற்பமான காரணம்.

"அப்ப இது எப்படி வெடிச்சுது? யார் பொறுப்பு?" என்று முதலாளி கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். "ரெண்டு ரகத்தையும் ஒரே எடத்துல வெச்சிருந்தது நான்தான் சார். பொறுப்பு என்னோடது" என்றார்.

அன்றைக்கே அந்தச் சார்ஜரைக் கழற்றி, 'இதைப் பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதி ஒட்டி பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சார்ஜர் மேல் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகக்கூட இருந்தது.

கட்டுப்போட்ட கையோடு மூன்றாம் நாளே வேலைக்கு வந்தார். புது சார்ஜர் வந்தது. முன்போலவே எதிரெதிரே நின்று எண் சொன்னோம். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, "வேற ஏதாவது இருக்காண்ணே?" என்று கேட்பார். முன்பெல்லாம் அப்படிக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நான் சைக்கிளை எடுப்பேன்.

பதினைந்து நாள் கழித்து ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திருத்துறைப்பூண்டி நிலையம் வரவே இல்லை. "பொம்பளப் புள்ளைய நம்பி இவ்வளவு பெரிய காரியம் செய்ய முடியாதுய்யா" என்று முதலாளி என்னிடமே சொன்னார். நான் அதற்கும் தலையாட்டினேன். அந்தப் பன்னிரண்டு பெண்களில் மூன்று பேர் மேடத்தைத் தேடிக்கொண்டு கோடவுனுக்கு வந்தார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பியது நான்தான். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் நேராக வயலுக்குப் போனார்கள்.

அதன்பின் மூன்று வருடம் அந்த இடத்தில் தலைமை பேட்டரிக்காரன் என்று பெயரெடுத்தேன். என் காலத்தில் ஒரு விபத்தும் இல்லை. எல்லாம் மேடம் வகுத்த முறை. ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, ஞாபகார்த்தமாக ஒன்றும் கொடுத்தார்கள். பீரோவில் கிடந்த அந்தப் பழைய சார்ஜர். துடைத்து, ஜரிகைத் தாள் சுற்றியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் போட்டேன்.

போன மாதம் எழுதச் சொல்லிக் கேட்டார்கள் அல்லவா, மோடுகளின் பெயர் சரியாக இருக்க வேண்டுமே என்று அதை இறக்கினேன். கரண்டில் சொருகினேன். பட்டன்களை அமுக்கிக்கொண்டே போனதில் நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு பக்கம் திறந்தது. கடைசியாக ஏற்றிய சார்ஜின் விவரம். ஆயுத பூஜைத் தேதி. காலை பத்து மணி பத்து நிமிடம். ஹெச்வி மோடு. இருபத்தாறு புள்ளி ஒன்று.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் நின்று பார்த்தது இதைத்தான். பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். வேறு யாரும் சார்ஜ் போட்டு இந்தக் குறிப்பு அழிந்துவிடக் கூடாது என்றுதான் பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அத்தனை பேர் முன்னாலும் அந்தத் திரையைத் திருப்பிக் காட்டியிருந்தால் போதும், தப்பு அவருடையது இல்லை என்று தெரிந்திருக்கும், இரண்டாவது நிலையமும் வந்திருக்கலாம். கரண்டை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அழுதேன்.

விசாரித்தேன். கும்பகோணத்தில் ஒரு தனியார் ஐடிஐயில் பாடம் எடுக்கிறார், திருவிடைமருதூர் வீட்டிலிருந்து போய்வருகிறார் என்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, வாங்க. ஒடம்பு நல்லா இருக்கா?" என்றார். அவர் அம்மா காப்பி கொடுத்தார். டம்ளரை வாங்கும்போது மேடத்தின் இடது கையைப் பார்த்தேன். முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளத்தது. பையிலிருந்து சார்ஜரை எடுத்துக் கீழே வைத்தேன்.

"மேடம், அன்னிக்கு நான்தான் போட்டேன். பொட்டை அழிச்சுப் பாக்காம, கைத்தூக்கம் வெச்சுப் போட்டேன். பொய் சொல்லிட்டேன்."

அவர் சார்ஜரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதில் தான் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தின் பசைத் தடத்தை விரலால் தடவினார்.

"தெரியும்ண்ணே. அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மேடம் சொல்லல?"

"நான் சொன்னா உங்களைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். தெனமும் சாயங்காலம் கேட்டேனே. பதினஞ்சு நாள் பாத்தேன்" என்றார். "சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சப்புறம், உங்க எதிர்ல நின்னு நம்பர் கேட்டா அதை நம்ப முடியல. நம்பாம எப்படிண்ணே பட்டன் அமுக்கறது? அதான் எழுதிக் குடுத்துட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. சார்ஜரின் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பழைய கோடவுனில் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பது போலவே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவுல வெச்சீங்க? சொல்லிக் காட்டுங்க."

"இருபத்தாறு புள்ளி ஒண்ணு மேடம்."

"இருபத்தாறு புள்ளி ஒண்ணு" என்று திருப்பிச் சொன்னார். 'சரி' என்று சொல்லவில்லை.